வயிற்றில் மருந்து தங்குமா?

(அம்பத்தூரில் தொழிலாளத் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வயிறு. வயிற்றைப்பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா, பசித்தால் அதுவே பேசுமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வயிற்றுக்குச் சோறு தேடுவதிலேயே நம் ஆயுள் எல்லாம் கழிகிறது. ஆனால் அந்தச் சோறு உள்ளே போனபிறகு என்ன ஆகிறது என்று ஒருநாளாவது நாம் விசாரித்ததுண்டா? விசாரியாமல் விட்டதனால் வந்த நஷ்டம் கொஞ்சமல்ல. அந்த நஷ்டக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இந்தப் பக்கத்துத் தெருச் சுவர்களிலும் மின்சாரக் கம்பங்களிலும், "தொக்கம் எடுக்கப்படும்" என்றும், "இடுமருந்து எடுக்கப்படும்" என்றும் எழுதி ஒட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பெரிய பெரிய தொழிற்சாலைகள். ஆவடியிலே டாங்கி செய்கிறார்கள்; அம்பத்தூர் எஸ்டேட்டிலே தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக் கருவிகளை வைத்துக்கொண்டு இரும்பைக் கடைகிறார்கள். அந்தத் தொழிற்சாலையில் பகலெல்லாம் நுணுக்கமாக வேலை செய்கிற தொழிலாளி, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குழந்தை வாந்தியெடுத்தால் தொக்கக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார் என்றால், இதற்கு என்ன பெயர் சொல்லுவது? அவர் முட்டாள் என்று நாம் சொல்லமாட்டோம். இயந்திரத்தைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார். வயிற்றைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

ஆகையால் நாம் யாரையும் வைது பேசப்போவதில்லை. ஒரு கவளம் சோறு வாயில் நுழைந்தது முதல் வெளியேறுகிற வரையில் அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். பார்த்த பிறகு, மருந்து தங்குமா தங்காதா, தொக்கம் உண்டா இல்லையா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கவளத்தின் பின்னால்

மனிதனுடைய ஜீரணப்பாதை வாயில் தொடங்கி மலவாயில் முடிகிற ஒரே நீண்ட குழாய். வாயில் 32 பற்கள் அரைக்கின்றன. உமிழ்நீர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரையில் ஊறுகிறது. இந்த உமிழ்நீரில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கிற ஒரு பொருள் இருக்கிறது. வெறும் சோற்றை வாயில் போட்டுக் கொஞ்சநேரம் மென்றுகொண்டே இருந்து பாருங்கள், தித்திக்கும். ஜீரணம் வாயிலேயே ஆரம்பித்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

தொண்டையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழல். பின்னால் இருப்பது உணவுக்குழல். விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாயை ஒரு சிறு மூடி மூடிக்கொள்கிறது. உணவுக்குழல் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது தண்ணீர்க் குழாய்போல் சும்மா இருப்பதில்லை. தசைகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிக் கவளத்தைத் தள்ளிக்கொண்டு போகின்றன. அதனால்தான் தலைகீழாக நின்றுகொண்டு விழுங்கினாலும் ஆகாரம் இரைப்பைக்குப் போய்ச் சேருகிறது.

இரைப்பை என்பது தொப்புளுக்கு நேராக இருப்பதாக நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது இருப்பது மேல்வயிற்றில், இடதுபக்கம், விலா எலும்புகளின் அடியில். தொப்புளுக்குப் பின்னால் இருப்பது குடல். இந்த ஒரு விஷயத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

இரைப்பையில் நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் ஜீரணநீர் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பட்டறையில் துருவைப் போக்கத் திராவகம் வைத்திருக்கிறோமே, அதே ஜாதித் திராவகம். கூடவே மாமிசம், பருப்பு முதலியவற்றில் உள்ள புரதத்தை வெட்டுகிற பெப்சின் என்கிற பொருளும் இருக்கிறது. அப்படியானால் இரைப்பை தன்னையே ஏன் தின்றுவிடவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரைப்பையின் உட்சுவர் கோழைபோன்ற ஒரு கெட்டியான பூச்சினால் தன்னை மூடிக்கொண்டிருக்கிறது. அதோடு அந்த உட்சுவரின் மேல்தோலும் சில நாட்களுக்கு ஒருமுறை பழையது உதிர்ந்து புதியதாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் வைத்த வயிறு

இதையெல்லாம் உள்ளே போய்ப் பார்த்தவர் யார், எந்த ரிஷி ஞானதிருஷ்டியால் கண்டார் என்று கேட்கலாம். ஞானதிருஷ்டியால் கண்டதல்ல, மனிதனின் கண்ணால் கண்டது. 1822ம் வருஷம் ஜூன் மாதம் 6ந் தேதி, அமெரிக்காவில் மாக்கினாக் என்கிற தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற ஒரு கூலிக்காரர்மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்துவிட்டது. குண்டு விலாவைப் பிளந்து இரைப்பையையும் ஓட்டையாக்கிவிட்டது. அங்கிருந்த பட்டாள டாக்டர் வில்லியம் போமாண்ட் என்பவர் வைத்தியம் பார்த்தார். மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் புண் ஆறிய விதம் விசித்திரமானது. இரைப்பையிலிருந்த ஓட்டை வெளித்தோலோடு ஒட்டிக்கொண்டு, வயிற்றிலே ஒரு ஜன்னல்போல் நிரந்தரமாக நின்றுவிட்டது.

போமாண்ட் 1825 முதல் அந்த ஜன்னல் வழியாகப் பட்டுநூலில் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, ரொட்டி, கோசு இவைகளைக் கட்டி உள்ளே விட்டு, மணிக்கணக்குப் பார்த்து இழுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்த நீரை எடுத்துக் குப்பியில் ஊற்றிச் சூடாக வைத்து, அதிலே இறைச்சியைப் போட்டுப் பார்த்தார், குப்பியிலும் கரைந்தது. வயிற்றில் ஜீரணம் செய்வது ஏதோ ஒரு தெய்வீக அக்கினி என்பது போய், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு நீர் என்பது வெளியாயிற்று. இவற்றையெல்லாம் 1833ல் புத்தகமாகப் போட்டார்.

இதிலே இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தப் புத்தகத்தால் டாக்டருக்குப் புகழ் வந்தது. எழுதப்படிக்கத் தெரியாத அந்தக் கூலிக்காரருக்குக் கிடைத்ததெல்லாம் வேலைக்காரன் சம்பளம்தான். 1880ல் அவர் இறந்தபோது, டாக்டர்கள் வந்து பிணத்தை அறுத்துவிடக்கூடாது என்று அவர் குடும்பத்தார் உடலை அழுகவிட்டுப் பிறகு புதைத்தார்களாம். அறிவு வளர்ந்த கதைகளில் ஏழையின் உடம்பு எப்படிப் பயன்பட்டிருக்கிறது என்பதையும் நாம் மறக்கக்கூடாது. அவர் வயிற்றால்தான் உலகத்துக்கு வயிறு தெரிந்தது.

ஷிப்ட்டும் புண்ணும்

நிற்க, இங்கே ஷிப்ட் வேலை செய்கிற தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். வயிற்றெரிச்சல் வந்தால் "அல்சர்" என்கிறோம். காரத்தால் வந்தது, வேளைக்குச் சாப்பிடாததால் வந்தது என்று நெடுநாளாக டாக்டர்களும்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இருவர் 1982ல், இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமி என்று கண்டார்கள். அமிலத்திலே கிருமி உயிரோடு இருக்குமா என்று பெரியவர்கள் எல்லாம் நகைத்தார்கள். மார்ஷல் என்ன செய்தார்? 1984ல் அந்தக் கிருமியை வளர்த்துத் தாமே குடித்தார். சில நாளில் அவருக்கே குமட்டலும் வாந்தியும் வந்து, இரைப்பை அழற்சி கண்டது. பிறகு 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பெரியவர் சொன்னார் என்பதற்காக நம்பாமல் சோதித்துப் பார்த்ததனால் வந்த லாபம் இது. இன்று அந்தப் புண்ணை ஏறக்குறைய இரண்டு வாரம் சாப்பிடுகிற மாத்திரைகளால் ஆற்றிவிடலாம். காரமும் பட்டினியும் எரிச்சலை அதிகப்படுத்தலாம். ஆனால் புண்ணுக்கு வேர் பெரும்பாலும் கிருமிதான். அடுத்தபடியான காரணம், உடம்புவலிக்கென்று கடையில் நாமாகவே வாங்கி விழுங்குகிற வலிமாத்திரை. ஆகவே தோழர்களே, வலிமாத்திரையை மிட்டாய்போல் தின்னாதீர்கள்; மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, இரத்தமாக வாந்தி வந்தாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

20 அடிக் குடலில் ஜாதி எங்கே?

இரைப்பையில் கூழான ஆகாரம் சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் போகிறது. சிறுகுடல் ஏறக்குறைய 20 அடி நீளம். உண்மையான ஜீரணம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. கல்லீரலிலிருந்து பித்தநீர் வந்து எண்ணெயையும் நெய்யையும் பொடித்துளிகளாக்குகிறது. எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சோப்பு செய்கிற வேலையை இங்கே பித்தநீர் செய்கிறது. கணையத்திலிருந்து வருகிற நீர், அமிலத்தை முறித்து, மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கிறது. குடலின் உட்புறம் துப்பட்டியின் பூம்பஞ்சுபோல் லட்சக்கணக்கான நுண்ணிய விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த மடிப்புகளையும் விரல்களையும் எல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 30 சதுர மீட்டர் இடம் வேண்டும். அதாவது நம்மில் பலர் குடியிருக்கிற வாடகை வீட்டின் அளவு. இந்தப் பரப்பின் வழியாகத்தான் உடைந்த ஆகாரம் இரத்தத்தில் சேருகிறது.

என்னவாக உடைகிறது என்பதைக் கவனியுங்கள். சோறானாலும் கேழ்வரகானாலும் சர்க்கரையாக உடைகிறது. பருப்பு, முட்டை, மீன், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி எதுவானாலும் அதிலுள்ள புரதம் அதே 20 விதமான சிறு துண்டுகளாக உடைகிறது. இந்தத் துண்டு பருப்பிலிருந்து வந்தது, ஆகவே உயர்ந்தது. அந்தத் துண்டு மாட்டிலிருந்து வந்தது, ஆகவே தாழ்ந்தது என்று குடல் பார்ப்பதில்லை. யார் சமைத்தார், எந்தத் தெருவில் சமைத்தார், யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்பதும் இல்லை. தீண்டாமையை உண்டாக்கியவர்கள் சாப்பாட்டைக் கொண்டுதான் மனிதனை மனிதனிடமிருந்து பிரித்தார்கள். ஆனால் அப்படிப் பிரித்தவருடைய குடலும், பிரிக்கப்பட்டவருடைய குடலும் ஒரே வேலையை ஒரே விதமாகச் செய்துகொண்டிருக்கின்றன. 1955ல் இதே ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடிச் சமதர்ம மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் என்னவாயிற்றோ, நம் சிறுகுடல் எந்தத் தீர்மானமும் போடாமலேயே சமதர்மம் நடத்தி வருகிறது!

ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறது என்றால், அது பாலின் புனிதத்தைப்பற்றிய விஷயமல்ல. பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கிற பொருள் குழந்தைப் பருவத்துக்குப்பின் நம்மில் அநேகருக்குக் குறைந்துபோகிறது. தென்னாட்டில் இது மிகச் சாதாரணம். அவர்களுக்கே தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். ஏனென்றால் புளிக்கவைக்கிற கிருமிகள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன.

மிஞ்சியது சுமார் 5 அடி நீளமுள்ள பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. கோடானுகோடிக் கிருமிகள் அங்கே குடியிருந்து, நாரைப் புளிக்கவைத்து, சில வைட்டமின்களையும் உண்டாக்கித் தருகின்றன. வாயில் போட்டது வெளியேறச் சாதாரணமாக ஒன்று முதல் மூன்று நாள் வரையில் ஆகும். கவளத்தின் கதை இவ்வளவுதான்.

இடுமருந்து என்னும் புரட்டு

இனி இடுமருந்துக்கு வருவோம். புருஷன் மனைவி பேச்சைக் கேட்டால், "அவள் மருந்து வைத்துவிட்டாள்" என்கிறார்கள். மகன் தாய்க்குப் பணம் கொடுக்கவில்லையானாலும் மருமகள் மருந்து வைத்தாள் என்கிறார்கள். ஒருவர் மெலிந்துபோனால், 10 வருஷத்துக்கு முன் யாரோ பலகாரத்தில் கொடுத்த மருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டு, மயிர் முளைத்து வளருகிறது என்கிறார்கள்.

தோழர்களே! கவளத்தின் பின்னால் நாம் போய்ப் பார்த்தோமே, அந்தப் பாதையில் 10 வருஷம் ஒட்டிக்கொள்ள இடம் எங்கே இருக்கிறது? திராவகம் ஊறுகிறது, தசை தள்ளுகிறது, மூன்று நாளில் வெளியே போய்விடுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, இரைப்பையின் உட்தோலே சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. சுவரே நிற்காதபோது, அதில் ஒட்டிய சுவரொட்டி மட்டும் 10 வருஷம் நிற்குமா?

வயிற்றில் எதுவுமே தங்காதா என்று கேட்டால், நேர்மையாகப் பதில் சொல்லுகிறோம். தலைமயிர் ஜீரணமாகாது. மனநோயால் தன் மயிரைத் தானே பிடுங்கித் தின்னும் சிலருக்கு, மாதக்கணக்கில் வருஷக்கணக்கில் தின்றது சேர்ந்து, இரைப்பையில் பெரிய உருண்டையாகிவிடுவதுண்டு. அதை ஸ்கானில் பார்க்கலாம். டாக்டர்கள் ஆபரேஷன் செய்து எடுக்கிறார்கள். அது ஒரு சிட்டிகை மருந்தால் வந்ததுமல்ல, மந்திரத்தால் போவதுமல்ல.

விஷம் கொடுத்து மயக்குவது இல்லையா என்றால், அதுவும் உண்டு. ஊமத்தை விதையை அரைத்துக் கொடுத்தால் சில மணி நேரத்துக்குள்ளாகவே மனிதன் பிதற்றுவான். அளவு மிஞ்சினால் சாவான். அதற்கு இடம் ஆஸ்பத்திரி. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். மனைவிமேல் பிரியம் வைக்கும்படி செய்கிற மருந்து என்று ஒன்று எந்த மருந்துக்கடையிலும் இல்லை. பிரியம் இருக்கவேண்டிய இடம் வயிறுமல்ல.

மருந்து எடுக்கிறவர் என்ன செய்கிறார்? சிலர் தொப்புளின்மேல் குழாயை வைத்து உறிஞ்சி, வாயிலிருந்து ஒரு கறுப்புத் துண்டைத் துப்பிக் காட்டுகிறார். தொப்புளுக்குப் பின்னால் இருப்பது இரைப்பையல்ல என்று முன்பே சொன்னோம். நடுவில் தோல், கொழுப்பு, தசை, அதற்கும் பின்னால் ஒரு சவ்வு இவ்வளவும் இருக்கின்றன. இவற்றில் ஓட்டை விழாமல் ஒரு துண்டு வெளியே வந்தது என்றால், அது உள்ளேயிருந்து வரவில்லை, துப்புகிறவர் வாயில் முன்பே இருந்தது என்றுதானே அர்த்தம்? வேறு சிலர் ஏதோ ஒரு சாற்றைக் குடிக்கச் செய்து வாந்தியெடுக்க வைத்து, அதில் வருகிற கோழையையும் திரிந்த பாற்கட்டியையும் "இதோ மருந்து" என்கிறார்கள். திராவகத்தில் பால் திரியாமல் வேறு என்ன ஆகும்?

சந்தேகமுள்ளவர்களுக்கு ஒரு சோதனை சொல்லுகிறோம். மருந்து எடுக்கிறவர் எடுப்பதற்குமுன் நாலுபேர் எதிரில் வாயை நன்றாகக் கொப்பளிக்கட்டும். சட்டையைக் கழற்றிக் கைகளை விரித்துக் காட்டட்டும். குழாயை நம் கையில் கொடுக்கட்டும். அல்லது நாம் கொடுக்கிற குழாயை வாங்கிக்கொள்ளட்டும். அப்புறம் எடுக்கட்டும், பார்ப்போம். வயிற்றுக்குள் காமிராக்குழாய் விட்டுப் பார்க்கிற சாதனம் இப்போது இருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் சென்னைப் பெரியாஸ்பத்திரியிலும் ஜீரண உறுப்புகளுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அந்தக் குழாய்க்குப் புண் தெரிகிறது; கட்டி தெரிகிறது; விழுங்கிய காசு தெரிகிறது. வசியமருந்து மட்டும் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர் கண்ணுக்குத்தான் தெரியுமோ?

இதில் காசு போவதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. "மருந்து வைத்தாள்" என்ற பழி யார் தலையில் விழுகிறது? எங்கோ பிறந்து நம் வீட்டுக்கு வந்து சமைத்துப் போடுகிற பெண்ணின் தலையில். ஒருவன் தன் மனைவியை மதித்து நடந்தால் அது மருந்தின் வேலை என்பதற்கு என்ன பொருள்? புத்தி தெளிந்த ஆண் தன் மனைவியை மதிக்கமாட்டான் என்பதுதானே! இதைவிடப் பெண்ணுக்கும் ஆணுக்கும் அவமானம் வேறு உண்டா? புருஷனுக்கு வயிற்றில் கட்டி இருந்து அவன் மெலிந்துகொண்டு வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய மாதங்கள் எல்லாம் மருந்தெடுக்கிறவன் வாசலில் போகின்றன. கடைசியில் அவனும் போகிறான். பழி மட்டும் அவள்மேல் நிற்கிறது.

தொக்கமும் குடலேற்றமும்

தாய்மார்களே! இனிமேல் சொல்லுவது உங்களுக்கு. குழந்தை பால் குடிக்காமல் கக்கினால், தொண்டையில் ஏதோ தங்கிவிட்டது, தொக்கம் என்கிறார்கள். நாம் முன்சொன்ன இரண்டு வழிகளை நினைத்துப் பாருங்கள். மூச்சுக்குழலில் ஒரு பொருள் அடைத்துவிட்டால் குழந்தையால் அழவும் முடியாது, மூச்சுவிடவும் முடியாது. முகம் நீலம் பாரிக்கும். அப்போது தொக்கக்காரரைத் தேட நேரம் ஏது? ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையானால், கைமேல் குப்புறத் தலை தாழ வைத்து, முதுகின் நடுவில் உள்ளங்கையால் ஐந்து தரம் தட்டவேண்டும். பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து தரம் அழுத்தவேண்டும். பொருள் வெளியே வருகிறவரை மாறிமாறிச் செய்துகொண்டே 108ஐக் கூப்பிடவேண்டும். உணவுக்குழலில் காசு முதலியவை இறங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துச் சொல்லுவார்கள். பொம்மையில் இருக்கிற வட்டமான சிறு பாட்டரியை விழுங்கியிருந்தால் அது சில மணி நேரத்தில் குழலையே அரித்து ஓட்டையாக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இவை ஒன்றும் இல்லாமல் அழுகிற, மூச்சுவிடுகிற குழந்தையின் தொண்டையில் தொக்கம் என்று ஒன்றும் இல்லை.

"குடலேற்றம்" என்று சொல்லி வயிற்றில் எண்ணெய் தடவிக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குகிறார்களே, அது மகா அபாயம். குடல் ஏறவும் இறங்கவும் கட்டு அறுந்த கயிறல்ல. ஒரு சவ்வினால் முதுகுப்பக்கம் பிணைக்கப்பட்டிருக்கிறது. குலுக்கினால் குழந்தையின் மூளையில் இரத்தம் கசியக்கூடும். குடலில் உண்மையாகவே வருகிற ஒரு ஆபத்து உண்டு. குடலின் ஒரு பாகம் அடுத்த பாகத்துக்குள் தூரதர்சினிக் குழாய்போல் சொருகிக்கொள்ளும். குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழும், காலை மடக்கும், மலத்தில் இரத்தமும் சளியும் வரும். இதைத் தட்டியும் குலுக்கியும் சரிப்படுத்த முடியாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

உப்பும் சர்க்கரையும்

குழந்தைகள் கக்குவதற்கும் பேதியாவதற்கும் பெரும்பாலும் காரணம் கிருமி. பேதியால் சாவு எப்படி வருகிறது என்று தெரியுமா? நம் ஜீரணப்பாதைக்குள் நாளொன்றுக்குச் சுமார் 9 லிட்டர் நீர் இறங்குகிறது. அதில் நாம் குடிப்பது 2 லிட்டர்; மற்றது உமிழ்நீர், பித்தநீர் முதலியவை. இத்தனையும் திரும்ப உறிஞ்சப்பட்டு மலத்தோடு போவது ஒரு டம்ளருக்கும் குறைவு. அந்த உறிஞ்சும் வேலை நின்றால், அல்லது குடல் நீரைக் கொட்ட ஆரம்பித்தால், உடம்பு சில மணி நேரத்தில் வற்றிப்போகும். அதுதான் சாவு. மாரியும் காளியும் கொண்டுபோவதல்ல.

காலரா நம் ஊர்களைக் காலிசெய்த காலத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம், ஆடு வெட்டினோம். 1884ல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைத் தண்ணீரில் காட்டினார். அது குடலில் விஷத்தைக் கக்கி நீரைக் கொட்டவைக்கிறது என்று 1959ல் நிரூபித்தவர், அதே கல்கத்தாவில் வேலைபார்த்த சம்புநாத் டே என்கிற நம் நாட்டு டாக்டர். அவ்வளவு கொட்டினாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே தண்ணீரும் வரும் என்பதும் தெரிந்தது. 1971ல் வங்காள அகதிகள் பங்காவ் முகாமில் காலராவால் விழுந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலநாபிஸ் என்ற டாக்டர், உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பதுபோல் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அதுமுதல் உலகத்தில் இதனால் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். எந்தத் தெய்வத்தின் கணக்கிலாவது இவ்வளவு உண்டா?

ஆகவே, பேதி கண்டதும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வாங்கி அதில் எழுதியபடி கரைத்துக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் தலைதட்டிய சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். அளவு கூடவும் குறையவும் கூடாது. கக்கினால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பேதியின்போது குழந்தையைப் பட்டினி போடுவது பெரிய தவறு. கண் குழிந்தால், சிறுநீர் நின்றால், குழந்தை துவண்டால், மலத்தில் இரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

ரோட்டா வைரஸ் என்கிற கிருமிக்குத் தடுப்புமருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் அரசாங்கத்தாலேயே இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. பிறந்த 6, 10, 14வது வாரங்களில் கொடுக்கவேண்டும். தொக்கக்காரருக்குக் கொடுக்கப் பணம் வைத்திருப்பவர்கள், பணமே கேட்காத இந்தச் சொட்டு மருந்தைத் தவறவிடலாமா?

கடைசியாக ஒன்று. செம்பரம்பாக்கம் ஏரியும் புழல் ஏரியும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே தண்ணீரைச் சுத்தப்படுத்திச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தண்ணீர் நம் தெருக் குழாய்க்கு வரும்போது சாக்கடை கலந்து நாறினால், அதற்குப் பரிகாரம் கோயிலில் இல்லை. குடிநீர் வாரிய ஆபீசில் இருக்கிறது. திருஷ்டி கழிக்கிற தேங்காயை உடைப்பதற்குப் பதில், நாலுபேர் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். பதில் வருகிறவரை போய்க் கேளுங்கள். அதுவரையில் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்; சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தோழர்களே! நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற உங்கள் பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், டாக்டரைக் கேளுங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டால் இன்றிரவே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் எந்த மருமகள்மேலாவது மருந்து வைத்த பழி இருக்குமானால், அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவளோடு சேர்ந்து சாப்பிடுங்கள்.